கிரீஸைத் துடைத்த கை

ரோடு சமன் செய்யும் மெஷினுக்குச் சொந்தக்காரன் ஆகிவிட்ட என் மகனே,

நன்றாக இரு. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதற்குப் பிறகு வருவது எல்லாமே அவ்வளவு நல்ல வார்த்தையாக இருக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. முந்தாநாள் உன் கிரேடருக்குப் பூஜை போட்டாய். விழுப்புரத்தில் உன் மாமியார் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில், அவ்வளவு நீளமான வண்டிக்கு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை மாலை போட்டு, பிளேடுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து நிறுத்தியிருந்தாய். நானும் உன் அப்பாவும் ஒலக்கூரிலிருந்து புறப்பட்டு, திண்டிவனத்தில் பஸ் மாறி, வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தோம். நீ சாவியை எடுத்துக் கையை நீட்டினாய். என் பக்கம்தான் நீட்டுகிறாய் என்று நினைத்து, ஆரத்தித் தட்டை உன் அப்பாவிடம் கொடுக்கத் திரும்பினேன். அதற்குள் உன் குரல் கேட்டது. "அத்த, நீங்கதான் ஏறி ஸ்டார்ட் பண்ணணும். உங்களாலதான் இந்த வண்டி வந்துச்சி." தட்டை மறுபடியும் நேராகப் பிடித்துக்கொண்டேன். கற்பூரம் அணைந்துவிடக் கூடாதே என்ற கவலை மட்டும் இருப்பவள் போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

அதோடு விட்டாயா? சுண்டல் வாங்க வந்தவர்கள் அத்தனை பேரிடமும் ஒரே கதையைச் சொன்னாய். "மொதல்ல ஒரு வண்டி பாத்தோம்ணே. புது பெயிண்ட்டு, பளபளன்னு நின்னுச்சி. நான் அட்வான்ஸ் குடுக்கவே ரெடி ஆயிட்டேன். எங்க அத்ததான் கிரீஸ தொடச்சி பாத்து, உள்ள பல்லு போயிருக்குன்னு கண்டுபுடிச்சாங்க. இல்லன்னா நான் இன்னிக்கு நடுத்தெருவுல நிப்பேன்." நீ சொல்லச் சொல்ல எல்லோரும் உன் மாமியாரைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எனக்கு வயிறு எரிந்தது. பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் வைக்க எனக்குத் தெரியவில்லை, வைக்கவும் மாட்டேன். நீ சொல்லிக்கொண்டு திரியும் அந்தக் கதையில் ஒரு பிசகு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவாய். எழுதினால் கடைசி வரை படித்துத்தானே ஆகவேண்டும்.

உனக்குக் கிரேடர் பைத்தியம் பிடித்தது எப்போது என்று உன் மாமியாருக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். டிப்ளமோ முடித்துவிட்டு, ரோடு காண்டிராக்டர் ஒருவரிடம் சைட் சூப்பர்வைசராகச் சேர்ந்த புதிதில், செம்மண் படிந்த சட்டையோடு வந்து சாப்பிட உட்காருவாய். தட்டில் சோற்றைக் குவித்து, கரண்டியைச் சாய்த்துப் பிடித்து இழுத்துக் காட்டுவாய். "இங்க பாரும்மா, பிளேடு இப்பிடி சாஞ்சா மண்ணு ஓரத்துக்குப் போவும். இப்பிடித் திருப்பிப் புடிச்சா நடுவுலயே நிக்கும்." சாப்பாட்டில் விளையாடாதே என்று அதட்டுவேன். ஆனால் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். பிளேடைத் தாங்கிச் சுற்றுகிற பெரிய இரும்பு வளையத்துக்குச் சர்க்கிள் என்று பெயர் என்று நீதான் சொன்னாய். அதன் பல் தேய்ந்துவிட்டால் பிளேடு ஆடும், பிளேடு ஆடினால் ரோடு அலை அலையாக வரும், இன்ஜினைக்கூடப் பிரித்துச் சரி செய்துவிடலாம், சர்க்கிள் போனால் பாதி மெஷின் போன மாதிரி என்று அடித்துச் சொன்னாய். மல்லாட்டைக் கொடி பிடுங்கி, கடலை ஆய்ந்து களைத்துப்போய் வந்த உடம்பு. தூக்கம் கண்ணைச் சுற்றும். இருந்தாலும் 'அப்புறம்?' என்று கேட்பேன். அந்த 'அப்புறம்?' கேட்கிற வேலை என்னுடையது என்று நினைத்திருந்தேன்.

உனக்குக் கல்யாணம் ஆனது. பெண்ணைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, தங்கமான பிள்ளை. அவள் அம்மாதான் எனக்கு வந்து வாய்த்தார். புருஷன் போன பிறகு இரண்டு ஜேசிபியையும் ஒரு ரோலரையும் தனியாகக் கட்டி மேய்க்கிற பெண்பிள்ளை. போனை எடுத்தால் டிரைவர் நடுங்குவான், புரோக்கர் குழைவான். விழுப்புரத்தில் ஜேசிபி அம்மா என்றால் ஆட்டோக்காரர் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் இறக்குவார். என்னை ஒலக்கூரில் யாருடைய பெண்டாட்டி, யாருடைய அம்மா என்று சொல்லித்தான் தேட வேண்டும். நீ அந்த ஊருக்கே குடி போனாய். சர்க்கரை கொஞ்சம் குறைந்தாலே டம்ளரைத் தள்ளிவிடுகிற பிள்ளை, இப்போது அவர் குடிக்கிறார் என்று சர்க்கரை இல்லாத டீ குடிக்கிறாய். போன பொங்கலுக்கு வந்தபோது, என் அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு அரைமணி நேரம் அவரோடு போனில் கிரேடர் பேச்சு. டயர், சிலிண்டர், ஹவர் மீட்டர், எல்லாம் பேசினாய். நான் வடை தட்டிக்கொண்டே, 'அப்புறம்?' என்று ஒருதடவை கேட்டேன். உன் காதில் விழவில்லை. போனுக்குள்ளிருந்து அவர்தான் அதே வார்த்தையைக் கேட்டார். நீ அவருக்குப் பதில் சொன்னாய்.

கேட்டால் உனக்குச் சிரிப்பு வரும். மறுவாரம் அவரே எனக்குப் போன் செய்தார். "சம்மந்தி, புதன்கெழம ஒரு கிரேடர் பாக்கப் போறோம். விழுப்புரம் பைபாஸ் யார்டுல நிக்குது. மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம். நல்ல நேரம் மட்டும் நீங்க பாத்துக் குடுத்துடுங்க. நீங்க குறிச்சிக் குடுத்தா நல்லா இருக்கும்." மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு மட்டும் சுருக்கென்று தைத்தது. பெற்று வளர்த்தவளுக்குக் கடைசியில் மிஞ்சியது சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டர்தானா? காலை ஒன்பதரைக்கு மேல் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது?

அந்த நல்ல நேரத்தால் நாம் ஒருதடவை பட்டிருக்கிறோம். நீ அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாய், உனக்கு ஞாபகம் இருக்காது. உன் அப்பாவும் நானும் பழைய டிராக்டர் ஒன்று பார்க்கப் போனோம். போவதற்கு முன்னாலேயே விற்கிறவருக்குச் சொல்லியனுப்பினேன், இந்த நாள், இந்த நேரத்துக்கு வருகிறோம், அதற்கு முன்னால் யாருக்கும் காட்டிவிடாதீர்கள் என்று. பெரிய கெட்டிக்காரி என்று எனக்கு நினைப்பு. சொன்ன நேரத்துக்குப் போய் நின்றோம். சாவியைத் தொட்டதும் வண்டி குதிரை மாதிரி கிளம்பியது. சகுனம் நன்றாக இருக்கிறது என்று நான்தான் முதலில் சொன்னேன். வீட்டுக்கு ஓட்டி வந்து நிறுத்தி, மறுநாள் காலையில் எடுத்தால் உறுமவே இல்லை. தெருவே சேர்ந்து தள்ளியது. நாங்கள் வரும் நேரம் தெரிந்ததால், அந்த ஆள் ஒரு மணி நேரம் முன்னாலேயே இன்ஜினைச் சூடாக்கி வைத்திருக்கிறார். நம் பக்கத்து ஜனங்கள் எல்லோரும் இப்படித்தான் ஏமாறுகிறார்கள். நல்ல நேரம் தவிர வேறு நேரத்தில் யாரும் பழைய வண்டி பார்க்கப் போவதில்லை. வண்டி விற்கிறவன் வீட்டிலும் அதே காலண்டர் தொங்குகிறது என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

உன் மாமியார் ஏமாறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குச் சாயங்காலம் நீயே போனில் பெருமையடித்தாய். பானெட்டில் கை வைத்துப் பார்த்தாராம், சுட்டதாம். "ஆறட்டும், அப்புறம் பாக்கலாம்," என்று சொல்லி, யார்டில் பிளாஸ்டிக் நாற்காலி போடச் சொல்லி, மத்தியானம் வரைக்கும் மரநிழலில் அசையாமல் உட்கார்ந்திருந்தாராம். ஆறின பிறகு ஸ்டார்ட் செய்ய வைத்து, புகையைப் பார்த்து, பின் சக்கரங்களுக்கு நடுவில் ஆயில் கசிவைத் தேடி, நடுவில் மடங்குகிற மூட்டில் ஆட்டம் இருக்கிறதா என்று கடப்பாரை போட்டு நெம்பிப் பார்த்து, ஹவர் மீட்டர் சொல்லும் ஓடின மணிக்கணக்குக்கும் காலால் மிதிக்கிற பெடலின் தேய்மானத்துக்கும் பொருந்துகிறதா என்றுகூடப் பார்த்தாராம். எல்லாம் நன்றாக இருக்கிறது, உன் கையில் இருக்கிற காசுக்கு இதைவிட நல்ல வண்டி கிடைக்காது என்றாய். பைனான்ஸ்காரர்கள் என் பெயரில் இருக்கிற நிலத்தின் மேல் கடன் தர ஒத்துக்கொண்டார்கள், நான் வந்து கையெழுத்துப் போட்டால் போதும் என்றாய். பிறகு போனை மூடியதாக நினைத்துக்கொண்டு யாரிடமோ சொன்னாய், எனக்குத் தெளிவாகக் கேட்டது. "எங்கம்மா எப்பிடியும் வேணாம்னுதான் சொல்லும். அதுங்கிட்ட மெஷினக் காட்டுறதே வேஸ்ட்டு. கையெழுத்து மட்டும் வாங்கினா போதும்."

நீ சொன்னதில் தப்பில்லை. போலீஸ் வேலைக்கு ஓட வேண்டும் என்று நீ கிளம்பியபோது வேணாம் என்றேன். சிநேகிதன் துபாய்க்குக் கூப்பிட்டபோது வேணாம் என்றேன். பழைய டிப்பர் ஒன்று சல்லிசாக வருகிறது என்றபோது, வண்டியைப் பார்க்காமலேயே வேணாம் என்றேன். ஒவ்வொன்றுக்கும் எனக்கு ஒரு பயம் இருந்தது. அந்தப் பயத்துக்கு நான் காரணம் சொன்னதே இல்லை. அம்மா சொன்னால் போதாதா, காரணம் வேறு வேண்டுமா என்று இருந்துவிட்டேன். அது என் தப்பு. உனக்குப் பிள்ளை பிறந்தால் நீ அப்படிச் செய்யாதே. வேணாம் என்றால், எதனால் வேணாம் என்று கூடவே சொல். வெறும் வேணாம் நாளடைவில் நாய் குரைக்கிற மாதிரி ஆகிவிடும். திருடனே வந்தாலும் யாரும் எழுந்து பார்க்கமாட்டார்கள்.

இப்போது நடந்ததைக் கேள். அடுத்த திங்கட்கிழமை காலையில், எலுமிச்சம்பழமும் காய்ந்த மிளகாயும் கொஞ்சம் உப்பும் மடியில் கட்டிக்கொண்டு, உன் அப்பாவிடம்கூடச் சரியாகச் சொல்லாமல், முதல் பஸ்ஸைப் பிடித்து அந்த யார்டுக்குப் போனேன். திங்கட்கிழமை காலை ஏழரை ஒன்பது ராகுகாலம். எவனும் வரமாட்டான், எவனும் இன்ஜினைச் சூடாக்கி வைக்கமாட்டான். வாசலில் வாட்ச்மேன் பல் துலக்கிக்கொண்டிருந்தார். "இன்னாம்மா வேணும், இந்நேரத்துல?" என்றார். "எம்புள்ள வாங்கப்போற வண்டி. திருஷ்டி கழிக்கணும், ராகுகாலத்துலதான் செய்யணும்னாங்க," என்றேன். அவர் வேறு பேச்சே பேசவில்லை, கேட்டைத் திறந்துவிட்டார். நம் ஊரில் திருஷ்டி என்று சொன்னால் எந்தக் கதவும் திறக்கும். திருஷ்டி கழிக்கப் போனவளே பெரிய திருஷ்டி என்பது பாவம் அந்த மனிதருக்கு எப்படித் தெரியும்? உண்மையைச் சொல்கிறேன், அந்த வண்டியில் ஏதாவது கோளாறு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் போனேன். உன் மாமியார் நல்லது என்று சொன்ன வண்டி மட்டமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் என் வேண்டுதல். மயிலம் முருகனிடம் இதற்கெல்லாம் வேண்டலாமா என்று பஸ்ஸில் ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு வேண்டிக்கொண்டேன்.

பழத்தைச் சுற்றிவிட்டு, "ஒருதடவ ஸ்டார்ட் பண்ணுங்கண்ணே, சத்தத்தோட சுத்தினாத்தான் பலிக்கும்," என்றேன். சாவி அவரிடம்தான் இருந்தது. பானெட் சில்லென்று இருந்தது. போட்டார். ஒரே உறுமலில் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் புகை வந்தது, உடனே சுத்தமாகிவிட்டது. எனக்கு முகம் தொங்கிப்போனது. உன் மாமியார் சொன்னது சரிதான், இன்ஜின் நன்றாகத்தான் இருந்தது. வண்டியை அணைக்கச் சொல்லிவிட்டு, தோற்றுப்போனவளாகச் சுற்றி வந்தேன். அப்போதுதான் குனிந்து அந்த வளையத்தைப் பார்த்தேன். பிளேடுக்கு மேலே, ஒரு பக்கம் கிரீஸ் அளவாக இருந்தது. எதிர்ப்பக்கம் மட்டும் கெட்டியாக, களி மாதிரி அப்பி வைத்திருந்தது.

திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை மூட்டை போட்டு விற்று வளர்ந்தவள் நான். மூட்டையின் வாயில் திரட்சியாக இருந்தால் வியாபாரி அங்கே கை வைக்கமாட்டார், அடிவரைக்கும் கையை விட்டு அள்ளுவார். அழகாக வைத்திருக்கிற இடத்தை விட்டுவிடு, அமுக்கி வைத்திருக்கிற இடத்தைப் பார் என்பது அங்கே கற்றது. கீழே கிடந்த சாக்குத் துணியை எடுத்து அந்தக் கிரீஸை வழித்தேன். உள்ளே பல் ஒவ்வொன்றும் தேய்ந்து, பழைய அரிவாள் மாதிரி மெலிந்து நின்றது. இன்னும் கொஞ்சம் துடைத்தேன், ஒரு பல் பாதியே இல்லை. வருஷக்கணக்கில் பிளேடை ஒரே கோணத்தில் வைத்து வேலை செய்திருக்கிறார்கள், அந்தப் பக்கத்துப் பல் எல்லாம் போய்விட்டது. விற்கிறவன் வளையத்தைத் திருப்பி, தேய்ந்த பக்கத்தை எட்டாத மூலைக்குக் கொண்டுபோய், நல்ல பல்லைச் சுற்றுகிற கியர் கடிக்கிற இடத்தில் நிறுத்தி, தேய்ந்த பல் மேலே கிரீஸைப் பூசிவிட்டான். உங்களுக்குப் பிளேடை இப்படி அப்படிக் கொஞ்சம் அசைத்துக் காட்டியிருப்பான், முழுச்சுற்று சுற்றிக் காட்டியிருக்கமாட்டான். எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்! அங்கேயே குலவை போடாத குறைதான். பெற்ற பிள்ளை ஏமாற இருந்தான் என்கிற பதைப்பு அதற்கு அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது அந்தச் சந்தோஷம்தான். இதை எழுதும்போது கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

துடைத்த கிரீஸை அப்படியே திரும்ப அப்பிவிட்டேன். விற்கிறவன் உஷாராகிவிடக் கூடாதே. யார்டை விட்டு வெளியே வந்ததும், கை பிசுபிசுக்க உனக்குத்தான் முதலில் போன் போட்டேன். "டேய், அந்த வண்டி வேணான்டா," என்றேன். நான் செய்த ஒரே முட்டாள்தனம், அந்த வார்த்தையால் ஆரம்பித்தது. "ஆரம்பிச்சிட்டியாம்மா? காலங்காத்தால பேஜாரு பண்ணாத. சைட்டுல இருக்கேன்," என்று வைத்துவிட்டாய். எதனால் என்று நீ கேட்கவில்லை. மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. பைபாஸ் ஓரத்தில் லாரிகள் போகிற சத்தத்தில் நின்றுகொண்டு அழுதேன். வாழ்க்கையிலேயே முதல்தடவையாக என் வேணாமுக்கு ஒரு காரணம் இருந்தது. அதைக் கேட்க ஆள் இல்லை. வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நீ சொன்னா கேக்கமாட்டான். அந்தம்மா சொன்னா கேப்பான்," என்றார். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து உருப்படியாக வந்த ஒரே யோசனை அதுதான். அது வந்த நேரத்தைப் பார்.

சாயங்காலம் வரை என்னோடு நானே சண்டை போட்டேன். கையெழுத்துப் போடமாட்டேன் என்று ஒரே பிடிவாதமாக உட்கார்ந்திருக்கலாம். அப்போது வண்டி வராது. ஆனால் நீயும் வரமாட்டாய். கடைசியில் உன் மாமியாருக்குப் போன் போட்டேன். நானாக அவருக்குப் போன் போட்டது அதுதான் முதல்தடவை.

"சொல்லுங்க சம்மந்தி, அதிசயமா கீது?"

"அந்த யார்டு வண்டியப் போய்ப் பாத்தேன்."

"யாரு, நீங்களா? எப்போ?"

"காலையில. ராகுகாலத்துல."

அவர் சிரித்துவிட்டார். "அப்பத்தான் எவனும் சூடு பண்ணி வெக்கமாட்டான்னு போனீங்களா? அடேயப்பா! நான் பாதி நாளு நாற்காலியில வெந்துகினு இருந்தேனே." எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பல்லைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை. "ஐயோ, முழுசா சுத்தச் சொல்லலியே நான். ஜேசிபின்னா எனக்கு அத்துப்படி சம்மந்தி, கிரேடரு எனக்கும் புதுசு. நல்ல வேல பண்ணீங்க. தம்பிகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

"சொன்னேன். ஆரம்பிச்சிட்டியான்னு கேட்டு வெச்சிட்டான். நீங்க சொல்லுங்க. நீங்களே பாத்து கண்டுபுடிச்ச மாதிரி சொல்லுங்க."

"அது இன்னா நியாயம்? நீங்க பாத்ததுக்கு நான் பேரு வாங்கறதா? மொதல்ல நான் சொல்றேன், வண்டி வேணாம்னு ஆனதும் உண்மைய சொல்லிடறேன்."

"கூடாது. என் வேல இதுன்னு தெரிஞ்சா, நாளைக்கு நீங்க எத சொன்னாலும் அம்மா தூண்டிவிட்டதுன்னு நெனப்பான். அப்புறம் உங்க பேச்சும் எடுபடாது. அவனுக்குக் கேக்கறதுக்கு ஒரு ஆளாவது இருக்கணும். மயிலம் முருகன் மேல சத்தியம் பண்ணுங்க, எப்பவும் சொல்லமாட்டேன்னு."

அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. நான் விடவில்லை. கடைசியில், "சரி, உங்க புள்ளைக்காக," என்று சத்தியம் செய்தார். மறுநாள் உன்னை யார்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். உன் கண் முன்னாலேயே துணியை எடுத்துக் கிரீஸை வழித்தார். நீ பார்த்தது பொய்யில்லை. அவர் கைதான் துடைத்தது. எந்த இடத்தில் துடைக்க வேண்டும் என்று அந்தக் கைக்கு எப்படித் தெரிந்தது என்று மட்டும் நீ யோசிக்கவில்லை. அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்து, "அம்மா, நல்லவேள அத்த இருந்தாங்க," என்று நீ மூச்சு விடாமல் சொன்னபோது, அப்புறம் என்று நான் கேட்டேன். இந்த முறை பதில் சொன்னாய். முழுக்கதையையும் சொன்னாய். பல் எப்படித் தேய்ந்திருந்தது என்று எனக்கே விளக்கினாய். நான் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

இப்போது வாங்கியிருக்கிற வண்டியைப் பற்றி எனக்குக் குறை இல்லை. திண்டிவனம் பக்கம் தொழிலை விடுகிற ஒரு காண்டிராக்டரின் வண்டி. பெயிண்ட் வெளுத்திருக்கிறது, சீட் கிழிந்திருக்கிறது, முன் டயர் இரண்டும் மாற்ற வேண்டும். மறைக்க ஒன்றும் இல்லாத வண்டி அப்படித்தான் இருக்கும். பூசிப் பளபளப்பாக நிற்பதைவிட இது மேல். பிளேடை முழுச்சுற்று சுற்றிப் பார்த்தீர்கள் என்று கேள்விப்பட்டேன், அன்றைக்குத்தான் பைனான்ஸ் ஆபீஸுக்கு வந்து கையெழுத்துப் போட்டேன். விற்றவரைவிட, வண்டியை இத்தனை நாள் ஓட்டினவரின் பேச்சைக் கேள். முடிந்தால் அவரையே வேலைக்கு வைத்துக்கொள். வண்டி எங்கே முனகும் என்று அவருக்குத்தான் தெரியும். மிச்சமிருக்கிற காசை அலங்காரத்துக்குச் செலவழிக்காதே, முதல் மழைக்கு முன்னால் டயர் போடு. ஸ்பேர் பார்ட்ஸ் எந்தக் கடையில் கிடைக்கும் என்று வண்டி படுத்த பிறகு தேடாதே, இப்போதே போய்ப் பார்த்து வை. பழைய கடன் தீர்ந்ததற்கான பேப்பர் ஆர்சியில் ஏறிவிட்டதா என்று பார். பிளேடை ஒரே கோணத்தில் வைத்து ஓட்டவிடாதே, வளையத்தை அவ்வப்போது திருப்பு. கிரீஸை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி போடு. அடுத்த வண்டி பார்க்கப் போனால், நேரத்தை யாரிடமும் சொல்லிவிட்டுப் போகாதே, உன் அம்மாவிடம்கூடக் கேட்காதே.

என் பொறாமை தீர்ந்துவிட்டதா என்று நீ கேட்கலாம். இல்லை. முந்தாநாள் உன் மாமியார் கிரேடரில் ஏறி உட்கார்ந்தபோது இருந்ததைவிட இன்றைக்கு அதிகமாக இருக்கிறது. அவர் உன்னைத் திட்டினால் நீ சிரிக்கிறாய், நான் திட்டினால் முகம் சுளிக்கிறாய். அவருக்குக் கணக்குத் தெரியும், வண்டி தெரியும், ஆளைப் பேசி வழிக்குக் கொண்டுவரத் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலே, நான் கேட்டுக்கொண்டபடி வாயைத் திறக்காமல் இருக்கத் தெரிகிறது. பூஜையன்று அத்தனை பேரும் புகழ்ந்தபோது, இது நான் செய்யவில்லை என்று சொல்ல அவருக்கு எவ்வளவு துடித்திருக்கும்! கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "மன்னிச்சிக்குங்க சம்மந்தி," என்று காதோடு சொன்னார். அந்த இடத்தில் நானாக இருந்தால் பாதிப் புகழிலேயே உண்மையைக் கொட்டியிருப்பேன். இதோ, அதற்குள் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், பார். சத்தியம் வாங்கினவள் நான், மீறுகிறவளும் நான். அவரால் முடிந்தது என்னால் முடியவில்லை. அதற்கும் சேர்த்து எரிகிறது.

நீ இதைப் படித்ததும் என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். நேரே அவரிடம் போய், "அத்த, எங்கம்மா இப்பிடி எழுதிகீதே, நெஜமா?" என்று கேட்பாய். அவர் இல்லை என்றுதான் சொல்வார். முருகன் மேல் செய்த சத்தியத்தை உனக்காகவும் மீறமாட்டார், எனக்காகவும் மீறமாட்டார். உன் அப்பா ஆமாம் என்றால், அம்மா சொல்லிக்கொடுத்தது என்பாய்; என்னிடம் வேறு சாட்சி கிடையாது. கிரீஸை நானே திரும்ப அப்பிவிட்டேன். வாட்ச்மேனைக் கேட்டால், ஒரு அம்மா திருஷ்டி கழித்துவிட்டுப் போனார் என்பார், அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. இதுவரை ஒரு தடவைகூடப் பொய் சொன்னதில்லை என்று நீ நம்புகிற உன் மாமியார் இல்லை என்பார். வாழ்நாள் முழுக்க வேணாம், வேணாம் என்று கத்தின உன் அம்மா ஆமாம் என்கிறாள்.

யார் சொல்வதை நம்பப் போகிறாய்?

இப்படிக்கு,
உன் அம்மா